மழைக்காலத்துக்கு ஒரு முரட்டு டார்ச்

அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு லட்சம் லூமென் டார்ச் விற்கிறார்கள். கூடவே ஜூம், எஸ்.ஓ.எஸ்., கண்ணாடி உடைக்கும் முனை, மூன்று கிலோமீட்டர் பாயும் கதிர் எல்லாம் இனாம். ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது என்று வானிலை மையம் சொன்னதும் எங்கள் வேளச்சேரி அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் இந்த மாதிரி லிங்க் வரிசையாக வந்து விழும். "இது எப்படி?" என்று என்னைக் கேட்பார்கள். குடியிருப்போர் சங்கத்தில் மோட்டார், ஜெனரேட்டர் சமாசாரமெல்லாம் என் தலையில் கட்டப்பட்டிருப்பதால் டார்ச்சும் என் இலாகாவாகிவிட்டது. இந்த வருஷம் சங்கத்துக்கே ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அதற்காகப் பார்த்தது, அளந்தது, நனைத்தது எல்லாவற்றையும் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனி யார் லிங்க் அனுப்பினாலும் பதிலுக்கு இந்த லிங்க்தான்.

முதலில் அந்த ஒரு லட்சம். லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பழைய 36 வாட் ட்யூப் லைட் ஒன்று சுமார் 2,400 லூமென் கொடுக்கும். ஒரு லட்சம் என்றால் நாற்பது ட்யூப் லைட்டுக்கு மேல்; கல்யாண மண்டபத்துப் பந்தி மொத்தமும் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். நல்ல எல்.இ.டி. டார்ச், சேதாரமெல்லாம் போக, வாட்டுக்கு 100 லூமென் அளவில் தருகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு லட்சம் லூமெனுக்கு 1,000 வாட் வேண்டும். இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்ட். சரி, உலகத்திலேயே உசத்தியான எல்.இ.டி. என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளை வெளிச்சத்தில் வாட்டுக்கு 350 லூமென் என்பது ஏறக்குறைய இயற்பியலின் எல்லை. அப்போதும் 300 வாட் பக்கம் வருகிறது. 3.6 வோல்ட் செல் ஒன்றிலிருந்து அதை எடுக்க 80 ஆம்பியர் ஓட வேண்டும். இந்த விலை டார்ச்சில் வரும் கட்டைவிரல் தடிமன் செல்லில் அது நடக்காது. கணக்கு உதைக்கிறது.

இதே கணக்கை இன்னொரு பக்கமாகப் போட்டால் கடையில் நின்றபடியே எந்த டார்ச்சையும் எடை போடலாம். இப்போது நல்ல டார்ச்களில் வருவது பெரும்பாலும் 21700 என்ற லித்தியம் செல். 21 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளம், அந்த எண்ணே அளவுதான். அதில் சாதாரணமாக 5,000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 18 வாட் மணி. வாட்டுக்கு 100 லூமென் என்றால் மொத்தக் கையிருப்பு 1,800 லூமென்-மணி. எப்படி வேண்டுமானாலும் செலவு செய்துகொள்ளலாம்: 900 லூமென் வைத்தால் இரண்டு மணி நேரம், 180 வைத்தால் பத்து மணி நேரம், 20 வைத்தால் நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் ஒரு பெட்டி ஏதாவது சொன்னால், உதாரணமாக ஒற்றை 21700 போட்டு 5,000 லூமென் பத்து மணி நேரம் என்று சொன்னால், பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம்.

என் கட்சி இதுதான்: டார்ச்சை உச்ச எண்ணால் மதிப்பிடக் கூடாது. சூடேறி அடங்கிய பிறகு எவ்வளவு நிற்கிறது, ஆகக் குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இந்த இரண்டும்தான் சென்னை மழைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. மற்றதெல்லாம் கடற்கரையில் நின்று கப்பலுக்கு அடித்துக் காட்டுகிறவர்களின் கவலை.

பெட்டியில் பொய் இல்லாத கம்பெனிகளும் உண்டு. அவர்கள் ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள். 2009-இல் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. சின்னச் சின்ன படங்களாகப் போட்டிருப்பார்கள்: ஒளி, தூரம், நேரம், விழுந்தால் தாங்கும் உயரம், தண்ணீர். இது நேர்மையான அளவுதான். ஆனால் எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். வெளிச்சத்தை அளப்பது டார்ச்சைப் போட்ட 30 வினாடியிலிருந்து 120 வினாடிக்குள். ஓடும் நேரத்தைக் கணக்கிடுவது, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. அதாவது 1,500 லூமென், மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால், இரண்டு மூன்று நிமிடம் 1,500 அடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் 300-இல் ஓடினாலும் அந்த வாக்கியம் உண்மை. இரண்டு எண்ணும் ஒரே வரியில் நிற்பதால் நாம்தான் இரண்டையும் பெருக்கிப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

வெளிச்சம் குறைவதற்குக் காரணம் சூடு. 1,500 லூமென் டார்ச் 15 வாட் வாங்கினால் அதில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. கையில் பிடிக்கும் அலுமினியக் குழாய்தான் அந்த வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் சென்சார், போதும் என்று வெளிச்சத்தை இறக்கிவிடும். சோதனைக்கூடத்தில் அறையின் சூடு 22 டிகிரி பக்கம் இருக்கும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் அதிர்ஷ்டம் இருந்தால் 22 டிகிரி பார்க்கலாம். மழை நாளிலும் காற்று ஓட்டமில்லாத லிஃப்ட் அறையும் ஜெனரேட்டர் அறையும் வெந்துகொண்டுதான் இருக்கும். ஆக, பெட்டியில் போட்டிருப்பதைவிட முன்னதாகவே இங்கே வெளிச்சம் இறங்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஜன்னல் இல்லாத குளியலறை, வெள்ளைக் கூரை. டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஃபோனில் லக்ஸ் மீட்டர் செயலி (ஓரிடத்தில் வந்து விழும் வெளிச்சத்தை அளப்பது; அந்த அளவின் பெயர்தான் லக்ஸ்) ஒன்றைப் போட்டு, நேர் வெளிச்சம் படாத மூலையில் அசையாமல் வைக்க வேண்டும். ஃபோன் காட்டும் எண்ணை லூமெனாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோனுக்கு ஃபோன் மாறும். ஆரம்பத்தில் எவ்வளவு, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு, அரை மணியில் எவ்வளவு என்ற விகிதம்தான் நமக்கு வேண்டும். ஃபேனைப் போட்டுக்கொண்டு அளக்கக் கூடாது. காற்றுப் பட்டால் டார்ச்சுக்கு மரியாதை கூடிவிடும். நான் கடனாக வாங்கிப் பார்த்தவற்றில், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி டார்ச்தான் பெட்டியில் ஆகப் பெரிய எண் போட்டிருந்தது. அதுதான் முதலில் படுத்தது. ஐந்து நிமிடத்துக்குள் கால்வாசிக்கும் கீழே. கனமான, தலைப்பகுதியில் பட்டை பட்டையாகச் செதுக்கியிருந்த ஒன்று, எண்ணில் அதைவிடக் குறைவு. ஆனால் பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டு, செல் தீரும் தறுவாய் வரை அசையவில்லை. எங்கள் தேர்வு அதுதான். விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக் குழாயில் தண்ணீரின் அளவு மாறாமலேயே, நுனியை விரலால் அழுத்தினால் தூரம் பீய்ச்சும் அல்லவா, அந்த மாதிரி ஒரே லூமெனைக் குறுக்கிக் குவித்தால் தூரம் போகும். அந்தக் குவிப்பின் அளவுதான் கேண்டெலா. பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு, டார்ச்சின் வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகத் தேய்ந்துபோகும் இடம் வரை. கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம் அது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் வந்துவிடும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமென்றால் 40,000. இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு வேண்டும் என்பதால்தான் "மூன்று கிலோமீட்டர்" என்று படிக்கும்போது சிரிப்பு வருகிறது. இருபத்திரண்டரை லட்சம் கேண்டெலா தேவைப்படும். அதோடு எங்கள் தெருவின் மொத்த நீளத்துக்கே 200 மீட்டர் தாராளம். முழங்கால் தண்ணீரில் நடக்கிறவருக்கு வேண்டியது காலடியில் பத்தடிக்குப் பரந்து விழும் வெளிச்சம். திறந்து கிடக்கும் மேன்ஹோல், சாய்ந்த வண்டி, மிதந்து வரும் கிளை எல்லாம் அந்தப் பத்தடிக்குள்தான் இருக்கின்றன. குறுகலாகக் குவிக்கும் டார்ச்சில் நடுவில் ஒரு பொட்டு வெள்ளையாக எரியும், சுற்றிலும் ஒன்றும் தெரியாது.

கொட்டும் மழையில் டார்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் மழைத்துளிகளே வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும், முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்தால் பாதி பிரச்சினை தீரும். கார்களில் மூடுபனி விளக்கைக் கீழே வைப்பதும் இதனால்தான்.

நிறத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உள்ளே நீல எல்.இ.டி.தான்; அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கிடைத்தது. அதன் மேல் பூசியிருக்கும் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்தக் கலவையில் சிவப்பு குறைவு. மலிவான 6,500 கெல்வின் (நீலம் தட்டும் வெள்ளை) டார்ச்சில் எங்கள் மெயின் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரும் ஆர்-ஒய்-பி மூன்று ஃபேஸில் சிவப்பு ஒயர் செங்கல் தூசி படிந்த பழுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் அழுக்கேறிய கறுப்பு நியூட்ரல் ஒயர் ஏறக்குறைய அதே சாயல். 4,000 கெல்வின் (சற்று மஞ்சள் தட்டும் வெள்ளை), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு, முழு மதிப்பெண் 100) 90-க்கு மேல் என்று போட்ட டார்ச்சை அதே இடத்தில் அடித்தபோது சிவப்பு சிவப்பாக இருந்தது. லூமென் பாதிதான், ஆனால் எது எது என்று தெரிந்தது. தேங்கிய தண்ணீர் ஓரத்தில் நெளிவது வெறும் தண்ணீர்ப் பாம்பா, கட்டுவிரியனா என்று பார்க்க வேண்டியவர்களுக்கும் இது பொருந்தும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். நிறம் தெரிகிறது என்பதற்காகக் கிட்டே போய்விட வேண்டாம்.

டார்ச் வாங்கியதும் எங்கள் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்தேன். செய்யாறு பக்கத்துக்காரர். சின்ன வயதில் ராத்திரி தண்ணீர் பாய்ச்ச மூன்று கட்டை டார்ச்சோடு வரப்பில் நடந்தவர். அந்தக் காலத்து குண்டு பல்பு டார்ச் சில பத்து லூமென்தான் கொடுத்தது. அதை வைத்தே வரப்பு, மடை, பாம்பு எல்லாம் பார்த்திருக்கிறார்கள். அவர் புது டார்ச்சை வாங்கி ஒரு முறை அமுக்கினார். எரிந்தது. அணைக்க இன்னொரு முறை அமுக்கினார், வெளிச்சம் ஏறியது. மறுபடி அமுக்கினார், இன்னும் ஏறியது. கொஞ்சம் பொறுமை போய் டக் டக்கென்று இரண்டு முறை அமுக்கவும், டிஸ்கோ மாதிரி பளிச் பளிச்சென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. எதிர் பிளாக்கில் ஒருவர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா சார் இது? வேணும்னா ஒரு அமுக்கு, வேணாம்னா ஒரு அமுக்கு. இது அமுக்க அமுக்க வேற வேற வேஷம் கட்டுது?"

அவர் கேட்டது நியாயம். நான் படித்த எந்த அட்டவணையிலும் இது இல்லை. இரவு இரண்டு மணிக்கு, ஒரு கையில் குடை, இன்னொரு கை ஈரம், சம்பில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க ஓடுகிறவர் எத்தனை முறை அமுக்கினோம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அந்த டார்ச்சில் மெனுவை எளிமையாக மாற்றிக்கொள்ள வழி இருந்தது: ஒரு அமுக்கில் நடுத்தர வெளிச்சம், அடுத்த அமுக்கில் அணைந்துவிடும், அழுத்திப் பிடித்தால் மட்டும் உச்சம். கையேட்டைப் படித்து அப்படி மாற்றிக் கொடுத்தேன். "இப்ப சரி, சார்" என்றார். அப்புறம் அவரே இன்னொரு குறையைக் கண்டுபிடித்தார். பக்கவாட்டு ஸ்விட்ச் உடம்போடு சமதளமாக இருப்பதால் இருட்டில் தடவினால் தட்டுப்படுவதில்லை. ஸ்விட்ச்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று மடித்து ஒட்டியிருக்கிறார். விரல் அங்கே பட்டால் கட்டைவிரல் தானாக ஸ்விட்ச்சில் உட்காருகிறது. மூவாயிரம் ரூபாய் டார்ச்சை வடிவமைத்தவருக்கு இது தோன்றவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஐபி என்று ஒரு தர எண் போட்டிருப்பார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிட அதிகம். எவ்வளவு என்று கம்பெனிக்காரரே சொல்ல வேண்டும். நடுவில் வரும் எக்ஸ், தூசுக்குச் சோதிக்கவில்லை என்பதைக் குறிக்கிறது. ஐபி68 என்றால் தூசும் புகாது. சம்புக்குள் எட்டிப் பார்க்கும் வேலைக்கு 7-க்குக் கீழே வாங்காதீர்கள், ஒரு நாள் கை நழுவத்தான் போகிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் புது டார்ச்சுக்கு, நல்ல தண்ணீரில் நடப்பவை. இரண்டு வருஷம் ஓடிய டார்ச்சுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. அதனால் ஆயுத பூஜை வாக்கில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்: செல்லைக் கழற்றிவிட்டு, உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைக்கலாம். எடுத்துத் துடைத்துத் திறந்தால் பேப்பர் மொடமொடப்பாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் துவண்டிருந்தாலும் ஓ-ரிங்கைப் பாருங்கள்.

ஓ-ரிங் என்பது மூடியின் மரையை ஒட்டி இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். மொத்த டார்ச்சிலும் விலை குறைந்த பாகம், தண்ணீரைத் தடுப்பது அதுதான். நகத்தால் நெம்பக் கூடாது, கீறல் விழும். இரண்டு விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினால் வளையம் சற்றே மேலே எழும்பும், அப்படியே உருட்டி எடுத்துவிடலாம். கடற்காற்று ஊரில் மரையில் கறுப்பாக ஒரு பிசுக்கு சேர்ந்திருக்கும், மணலும் நெறுநெறுக்கும். துணியால் துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸை ஒரு மிளகு அளவு எடுத்து வளையம் முழுக்கத் தடவி மாட்ட வேண்டும். தேங்காயெண்ணெய், வாசலின் வேண்டாம். எண்ணெயும் பெட்ரோலிய வகைக் கிரீஸும் சில ரப்பரை உப்ப வைத்துவிடும். சார்ஜ் போடும் யூஎஸ்பி-சி ஓட்டையை மூடியிருக்கும் சின்ன ரப்பர் நாக்குதான் தண்ணீர் புகக்கூடிய இன்னொரு இடம். சார்ஜ் போட்ட பிறகு அது முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

செல் தனியாக வாங்கப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் (சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) கவனம். அங்கே நல்ல சரக்கும் உண்டு, 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 செல்லும் உண்டு. 18650-இல் சந்தையில் கிடைக்கும் நல்ல செல்லே பெரும்பாலும் 3,500 பக்கம்தான் நிற்கிறது. உண்மையான செல் 45 கிராம் அளவில் கனக்கும். போலி கையில் எடுத்ததுமே லேசாக இருக்கும். லித்தியம் செல்லுக்கு இங்கே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், ஐஎஸ் 16046 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பதும் நடக்கிறது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

இப்போது குறைந்த வெளிச்சம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரங்கள் விழுந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தண்ணீர் நின்ற வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் ஆபத்து என்பதால் மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள். தண்ணீர் இறங்கிய பிறகுதான் கொடுக்க முடியும். அந்த மாதிரி இரவுகளில் யாரும் 1,500 லூமென் போட்டு உட்காருவதில்லை. டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து 50 லூமெனில் வெள்ளைக் கூரையில் அடித்தால் ஒரு அறைக்குச் சாப்பிடவும், மாத்திரை அட்டையில் பெயர் படிக்கவும் போதும். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் மாடிப்படிக்கு 10 லூமென் தாராளம். வெளிச்சம் பாதியானாலும் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை, கொஞ்சம் மங்கினதாகத்தான் தெரியும். அந்தச் சலுகையை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே வாங்கும்போது, "லோ மோடு எத்தனை லூமென், எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். 100 லூமெனுக்குக் கீழே இறங்கத் தெரியாத டார்ச் எனக்கு வேண்டாம்.

வெளிச்சம் வேண்டாத இடமும் இந்த ஊரில் இருக்கிறது. ஜனவரி முதல் பங்குனி கடைசி வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பின் தன்னார்வலர்கள் இரவெல்லாம் அந்தக் கரையில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சமான திசைதான் கடல் என்று எண்ணிப் போகும். கரையிலிருந்து டார்ச் அடித்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். புது டார்ச்சை "எவ்வளவு தூரம் அடிக்கிறது பார்ப்போம்" என்று அங்கே கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு இரண்டாக, பென்சில் செல் போடும் ஒரு சாதாரண டார்ச்சும் வீட்டில் இருக்கட்டும். லித்தியம் தீர்ந்து, பவர் பேங்க்கும் தீர்ந்துபோன மூன்றாம் நாள் முனைக் கடையில் கிடைப்பது பென்சில் செல்தான். ஆனால் அல்கலைன் செல்லை உள்ளே போட்டு அடுத்த மழை வரை மறந்துவிட்டால் கசிந்து, ஸ்பிரிங் வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கும். செல்லை வெளியே எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு டார்ச்சோடு கட்டி வைத்தால் போதும். லித்தியம் டார்ச்சை வெயில் காலத்தில் பாதிச் சார்ஜில் வைக்கலாம், புரட்டாசி பிறந்ததும் முழுதாக ஏற்றிவிட வேண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவைக்கவே கூடாது. பையில் போகும்போது பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுங்கள். பெரும்பாலான டார்ச்சில் சுற்று துண்டித்துவிடும், தானாக எரிந்து பையைப் பொசுக்காது.

கைப்பிடிக் கயிற்றில் ஒரு துணி க்ளிப் மாட்டி, செக்யூரிட்டி அறையில் சாவிப் பலகைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். டார்ச் விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மோட்டாரைக் கழட்ட எனக்கு ரெண்டு கையும் வேணுமே சார்" என்றார். அவருக்கு ஒரு ஹெட்லேம்ப் வாங்கப் போகிறோம். 200 லூமென் போதும். லிங்க் அனுப்புகிறவர்கள் அதற்கு மேல் அனுப்ப வேண்டாம்.